இரண்டு சாட்சிகள்

என் காரின் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் ஏதும் கிடையாது என்பது, அதை வாங்கி மூன்று வருஷம் வரையில் எனக்குத் தெரியாது. காலால் அழுத்துகிறோம், வண்டி ஓடுகிறது. அழுத்தும் காலுக்கும் ஓடும் எஞ்சினுக்கும் இடையே ஏதோ ஓர் இரும்புச் சம்பந்தம் இருக்கத்தான் செய்யும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கல்லூரிப் படிப்பை இரண்டாவது ஆண்டோடு நிறுத்திவிட்டுக் கதை எழுத வந்தவனுக்கு இவ்வளவு தெரிந்தால் போதாதா? போதாது என்று தெரிவதற்குள் ஒரு மனிதருக்கு நான் அநியாயம் செய்து முடித்துவிட்டேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இடையிடையே மோட்டார் சமாசாரம் வரும். கதை வாசிக்கிறவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அதுவும் ஒரு துப்பறியும் கதைதான்.

2023ஆம் வருஷம், தை மாதம். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். டிரைவர் ஓட்டினார். அவர் பக்கத்தில் நான். பின்னால் என் மனைவியும், மடியில் தேங்காய் பழப் பைகளும். சேத்தியாத்தோப்புக்கு ஒரு மைல் இருக்கையில், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. எதிரே தூரத்தில் ஒரு பஸ். தாண்டிவிடலாம் என்று எனக்கும் பட்டது, டிரைவருக்கும் பட்டது. வலப்பக்கம் ஒடித்து டிராக்டருக்குச் சரிபாதி வந்திருப்போம். திடீரென்று வண்டிக்கு மூச்சு நின்றதுபோல் ஆயிற்று. எஞ்சின் ஓடுகிறது; வேகம் இல்லை. பஸ்காரன் விளக்கை அடித்து அடித்துக் காட்டுகிறான். டிரைவர் பிரேக்கை அழுத்தி, டிராக்டருக்குப் பின்னால் இடப்பக்கம் திருப்பி, சாலையை விட்டு இறக்கி, மண்ணில் நிறுத்தினார். என் மனைவியின் நெற்றி முன் இருக்கையில் மோதி விண்ணென்று புடைத்துவிட்டது.

“தூங்கிட்டியா?” என்று நான் கத்தினேன்.

“இல்ல சார். மிதிச்சேன். வண்டி எடுக்கல.”

“மிதிச்சா எப்படி எடுக்காம போகும்?”

இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. எஞ்சினை அணைத்தார், சற்று நேரம் கழித்து மறுபடி போட்டார். ஒன்றுமே நடவாததுபோல் வண்டி ஓடியது. வடலூர் வரை ஓடியது. மறுநாளும் ஓடியது. அவர் சொன்னதற்கு ஆதாரம் எங்கே? கல்யாண வீட்டில் இரவெல்லாம் கண் விழித்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஓட்டினார், கண் சொக்கிவிட்டது, கால் தளர்ந்துவிட்டது, சமாளிக்கப் பொய் சொல்கிறார். இந்தக் கதை எவ்வளவு லட்சணமாகப் பொருந்துகிறது பாருங்கள்! கதை எழுதுகிறவனுக்குப் பொருத்தமான கதை கிடைத்துவிட்டால் அதை விட மனம் வராது. மாதச் சம்பளத்தைக் கணக்குத் தீர்த்து, மேற்கொண்டு ஐந்நூறு ரூபாயும் கொடுத்து, டிரைவரை அனுப்பிவிட்டேன். அந்த ஐந்நூறு ரூபாய் என் பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதோடு நிற்கவில்லை. எங்கள் தெருவில் புதிதாகக் கார் வாங்கியிருந்த ஒருவர், “அவரை நான் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். “நல்ல பையன்தான். ஆனால் கொஞ்சம் தூங்குவான்” என்றேன்.

பிறகு சித்திரையில் ஒரு நாள், நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து நான் மட்டும் தனியாக ஓட்டி வந்தேன். சாம்பல் லாரி ஒன்றைத் தாண்டுவதற்காகக் காலை அழுத்தினேன். வண்டிக்கு மூச்சு நின்றது. பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு. நான் காலைத் தரைவரைக்கும் மிதித்தேன். எடுக்கவில்லை. அணைத்துப் போட்டேன், ஓடியது. நான் தூங்கவில்லை என்பதை எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை அல்லவா? அந்தச் சௌகரியம் டிரைவருக்கு இருக்கவில்லை.

கொஞ்சம் இயந்திரம் பேச வேண்டியிருக்கிறது.

பழைய கார்களில் பெடலிலிருந்து எஞ்சின் வரைக்கும் ஒரு கேபிளோ கம்பியோ ஓடும். காலை அழுத்தினால் அது இழுபடும். எஞ்சினின் மூச்சுக் குழலில் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ஒரு வட்டத் தகடு திரும்பி வழி விடும். காற்று உள்ளே போகும். அதற்குத் தக்கபடி பெட்ரோலும் போகும். கேபிள் அறுந்தால் அறுந்தது கண்ணுக்குத் தெரியும். கையில் எடுத்துக் காட்டலாம். 1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் விலை உயர்ந்த சில கார்களில் இந்தக் கேபிளை நீக்கிவிட்டார்கள். அப்புறம் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, காற்றை அளந்து விடும் பொறுப்பை மனிதன் காலிடம் விட்டுவைக்க முடியாதென்று ஆயிற்று. இன்று நம் ஊரில் விற்கிற புதிய பெட்ரோல் கார்களில் அந்தக் கேபிளைக் காண்பது அரிது.

இப்போது காலை அழுத்துவது ஒரு கட்டளை அல்ல, ஒரு விண்ணப்பம். பெடலில் இருக்கும் சென்சார்கள், “இவர் இவ்வளவு அழுத்துகிறார்” என்று மின் அழுத்தமாக எழுதி அனுப்புகின்றன. வண்டியின் கணிப்பொறி அதைப் படித்து, யோசித்து, தகட்டோடு இணைந்த ஒரு சிறு மோட்டாருக்கு உத்தரவு போடுகிறது. மோட்டார் தகட்டைத் திருப்புகிறது. சொன்னபடி திரும்பியதா என்று பார்த்துச் சொல்லத் தகட்டிலும் சென்சார்கள் இருக்கின்றன. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சென்சார்கள் ஒற்றையாக வைக்கப்படுவதில்லை. பெடலுக்கு இரண்டு, தகட்டுக்கு இரண்டு. ஒரே காரியத்தைப் பார்த்து இரண்டு பேர் தனித்தனியே சொல்ல வேண்டும். பல வண்டிகளில் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள்: ஒன்று 1 வோல்ட் என்றால் மற்றது 4 வோல்ட், ஒன்று 2 என்றால் மற்றது 3, கூட்டினால் 5. வேறு கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. ஏன் இந்தத் தலைகீழ் ஏற்பாடு என்றால், இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொண்டாலும் இரண்டு சாட்சிகளும் ஒரே பொய்யைச் சொல்லிவிட முடியாது. சேர்ந்து கெட்டுப்போனால்கூட உடனே அகப்பட்டுக்கொள்வார்கள்.

இரண்டு சாட்சிகளின் வாக்கும் ஒத்துப்போகாவிட்டால் கணிப்பொறி என்ன செய்கிறது? யாரையும் நம்புவதில்லை. மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்துகிறது. தகட்டை அதிலுள்ள ஸ்பிரிங் இழுத்து, அரைகுறையாகக் கொஞ்சம் திறந்த நிலையில் நிறுத்திவிடும். ஊர்ந்து ஊர்ந்து வீடு போய்ச் சேரலாம், ஓட முடியாது. ‘சந்தேகம் வந்துவிட்டது, ஆகவே மெதுவாகப் போகிறேன்’ என்பது அதன் கொள்கை. கட்டுக்கடங்காமல் பாய்கிற வண்டியைவிட, சக்தி இழந்து நிற்கிற வண்டி குறைந்த ஆபத்து என்று எங்கோ ஓர் எஞ்சினியர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார். பொதுவில் அது நியாயமான முடிவு. ஆனால் எதிரே பஸ் வரும்போது டிராக்டரைத் தாண்டிக்கொண்டிருக்கிறவனுக்கு அந்த நியாயமே யமன். ஆயிரம் பேரைக் காக்கும் விதி ஆயிரத்தோராவது ஆளைச் சாலை நடுவில் விட்டுவிடுகிறது. விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஆயிரத்தோராவது ஆளாக ஒரு நிமிஷம் இருந்து பார்த்த பிறகு, மனம் விட்டுப் புகழவும் வரவில்லை.

முதலில் பெரிய ஊர் ஒன்றிலிருந்த பணிமனைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். குளிர்சாதன அறையில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, ஸ்கேனரை வண்டியில் செருகிப் பார்த்தார்கள். ‘பி-2135’ என்று ஒரு குறி வந்தது. தகட்டுச் சென்சார்கள் இரண்டுக்கும் பொருத்தம் இல்லை என்பது அதன் அர்த்தம். தகடும் மோட்டாரும் சென்சார்களும் ஒரே பெட்டியாக வருவதால் பெட்டியையே மாற்றினார்கள். இருபத்து நாலாயிரம் ரூபாய் ஆயிற்று. பத்தாவது நாள் மறுபடியும் மூச்சு நின்றது. மறுபடியும் அதே குறி.

அப்போதுதான் வடலூர் நாலு ரோட்டிலிருந்து விருத்தாசலம் போகும் பாதையில், ஒரு வேப்ப மரத்தடியிலிருந்த பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் அறுபதை நெருங்கியவர். கார்புரேட்டரைக் கழற்றிப் பழகிய கை. ஸ்கேனர் பார்ப்பது அவருடைய அக்காள் மகன். பையன் திரையைப் பார்த்து, “மாமா, இருபத்தொண்ணு முப்பத்தஞ்சு” என்றான்.

“திராட்டில் பாடியை மாற்றியாச்சே!” என்றேன் நான்.

பெரியவர் சிரித்தார். “சார், இது ஆளு பேரச் சொல்லல. ரெண்டு பேரு சொல்றது ஒத்துப்போகலன்னு சொல்லுது. அவ்ளோதான். சண்டை நடக்குதுன்னு வந்து சொன்னவன, நீதான் சண்டைக்காரன்னு புடிச்சு உள்ள போட்டா எப்படி?”

இதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை; பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சேத்தியாத்தோப்புச் சாலை ஞாபகம் வந்து சுருக்கென்றது.

அதன் பிறகு அவர்கள் செய்ததை அருகே நின்று பார்த்தேன். இரண்டு சென்சார்களும் என்ன சொல்கின்றன என்று பையன் திரையில் போட்டுவைத்தான். பெடலை மெல்ல அழுத்தினால் ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. கூட்டல் கணக்கு அணுவளவும் பிசகவில்லை. இருவரும் யோக்கியர்கள்! பெரியவர் மல்டிமீட்டரால் எர்த்தைப் பார்த்தார்; சரி. சென்சாருக்குப் போகிற 5 வோல்ட்டைப் பார்த்தார், சரி. இணைப்புச் செருகியைக் கழற்றி ஊசி ஊசியாகப் பார்த்தார். பாசி இல்லை, தளர்ச்சி இல்லை. ஒரு மணி நேரம் போயிற்று. எனக்குப் பொறுமை போயிற்று. அவருக்குப் போகவில்லை.

“எப்ப எப்ப சார் வந்துச்சு?”

சொன்னேன். டிராக்டரைத் தாண்டும்போது, லாரியைத் தாண்டும்போது, மூன்றாம் தடவை பாலம் ஏறும்போது.

“எல்லாம் வண்டி திமிறி இழுக்கிற நேரம்” என்றார். பையனை உள்ளே உட்கார வைத்து, கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே கிளட்சை அரைகுறையாக விடச் சொன்னார். எஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது, பாரம் தூக்குகிறவன் தோளைச் சாய்ப்பதுபோல. பெரியவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர்க் கட்டு ஒன்று எஞ்சினோடு சேர்ந்து எழும்பி, ஒரு தகட்டின் விளிம்பில் இறுகியது. அந்த நேரத்தில் திரையில் ஒரு சென்சாரின் எண் சட்டென்று விழுந்து எழுந்தது.

கட்டைப் பிரித்தார். மேல் உறையில் ஒரு சிராய்ப்பு; அவ்வளவுதான். உள்ளே அந்த ஒரு ஒயரின் ரப்பரைக் கத்தியால் கீறியபோது, செம்பு இழைகள் பச்சை பூத்து, இரண்டோ மூன்றோ இழையில் உயிரை வைத்துக்கொண்டிருந்தன. எஞ்சின் சும்மா இருக்கையில் அந்த இழைகள் தொட்டுக்கொண்டிருக்கும். திமிறி இழுக்கையில் விலகும். சென்சார் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னது வழியில் அறுந்தது. கெட்ட அங்குலத்தை வெட்டி எறிந்து, புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டு, தகட்டில் உரசாதபடி வேறு பக்கமாகக் கட்டி, கணிப்பொறிக்குத் தகட்டின் நிலைகளை மறுபடி கற்பித்து, எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பையன் போகிற போக்கில் சொன்ன ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. இம்மாதிரிக் கோளாறு வரும்போது கணிப்பொறி குறியை மட்டும் எழுதுவதில்லையாம். அந்தக் கணத்தில் வண்டி என்ன வேகம், எஞ்சின் என்ன சுற்று என்பதையும் ஒரு படம்போல் எடுத்து வைத்துக்கொள்ளுமாம். கோளாறு திரும்பி வராவிட்டால், எஞ்சின் நாற்பது தடவை போல் சூடேறி ஆறும் வரையில் அது இருக்கும். அப்புறம் தானாக அழிந்துவிடும்.

அப்படியானால், தை மாதத்தில் டிரைவர் சொன்னது மெய் என்பதற்கு எழுத்து மூலமான சாட்சியம் பல வாரம் என் காருக்குள்ளேயே இருந்திருக்கிறது! நான் அதில் ஏறி உட்கார்ந்து கடைக்கும் கோயிலுக்கும் போய் வந்திருக்கிறேன். நாற்பது தடவை எஞ்சினைச் சூடாக்கி அதை அழித்தவனும் நானே. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? காரைச் சந்தேகித்தால் எனக்குச் செலவு. டிரைவரைச் சந்தேகித்தால் செலவு அவருக்கு. மனசு இந்தக் கணக்கைப் போட்டது எனக்கே தெரியாமல்.

“ஆகவே, எளியவன் சொல்வதை எப்போதும் நம்பிவிட வேண்டும் என்கிறீரா?” என்று வாசகர் கேட்கலாம். அப்படிச் சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் உலகம் அவ்வளவு சுலபமாக இல்லை.

1986இல் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற ஜெர்மானியக் காரைப் பற்றிப் பெரிய கூக்குரல் எழுந்தது. பிரேக்கை மிதித்தோம், வண்டி பாய்ந்தது என்று பலர் சொன்னார்கள். தொலைக்காட்சியில் வந்தது, காரின் விற்பனை சரிந்தது. அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு இலாகா ஆராய்ந்து 1989இல் சொன்ன முடிவு, பெரும்பாலும் ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்பது. அவர்கள் பொய்யர்களா? அல்ல. சத்தியமாகப் பிரேக்கைத்தான் மிதித்தோம் என்று நம்பினார்கள். கால் ஒன்று செய்தது. மனம் வேறொன்றைக் கண்டது. யோக்கியனும் தவறாகச் சொல்லக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. 2006இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், குடிபெயர்ந்து வந்த ஓர் இளைஞர் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகையில், அவருடைய 1996ஆம் வருஷத்து டொயோட்டா கேம்ரி நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வழியில் வேகமாய்ப் போய் இன்னொரு காரில் மோதியது. உயிர்கள் போயின. “பிரேக்கைத்தான் மிதித்தேன்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பவில்லை. எட்டு வருஷத் தண்டனை. அது பழைய கேபிள் வண்டி. கணிப்பொறித் தகடு இல்லை. பின்னால் அதே கம்பெனியின் புதிய கார்களைப் பற்றிப் புகார்கள் கிளம்பியதால்தான் அவர் சொன்னதை மறுபடி கேட்க ஆள் கிடைத்தது. 2010இல் விடுதலையானார். 2015இல் ஒரு ஜூரி, விபத்துக்கு 60 சதவீதப் பொறுப்பு கார் கம்பெனியுடையது என்றது. மிச்சம் 40 சதவீதம் அவர் தலையிலேயே வைத்தது. சிறையில் கழிந்த வருஷங்களைச் சதவீதமாகப் பிரிக்க முடியுமா, என்ன?

அந்தப் புதிய கார்களின் விவகாரம் இன்னும் சிக்கலானது. கணிப்பொறித் தகடுதான் குற்றவாளியா என்று கண்டுபிடிக்கச் சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நாஸாவையே அழைத்தார்கள். பத்து மாத ஆராய்ச்சிக்குப் பின் 2011 பிப்ரவரியில் முடிவு வெளியாயிற்று: பெரும் வேகத்துக்கு மின்னணுக் காரணம் எதுவும் அகப்படவில்லை. பெடலைச் சிக்க வைக்கும் தரை விரிப்பும், ஒட்டிக்கொள்ளும் பெடலும் ஏற்கனவே அகப்பட்டிருந்தன. ஆனால் நாஸாவின் எஞ்சினியர்கள் இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதினார்கள். இவ்வளவு சிக்கலான ஏற்பாட்டில், இப்படி நடக்கவே முடியாது என்று நிரூபித்துவிடுவது ஆகிற காரியமல்ல என்று. ஒரு காரின் பெடல் சென்சாரில், வெள்ளீயத்திலிருந்து தானாக முளைத்த மயிரிழை போன்ற ஒன்று இரண்டு முனைகளை இணைத்திருந்ததையும் கண்டார்கள். 2013இல் ஒக்லஹோமாவில் ஒரு ஜூரி, நிபுணர்கள் காட்டிய மென்பொருள் குறைகளைக் கேட்டுக் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2014இல் அரசாங்கத்தோடு சமரசமாகிக் கம்பெனி 120 கோடி டாலர் கட்டியது. அது மின்னணுக் குற்றத்துக்காக அல்ல. விரிப்பையும் பெடலையும் பற்றி ஜனங்களிடம் உண்மையை மறைத்துப் பேசியதற்காக.

இத்தனையையும் படித்த பின் எனக்குப் பட்டது இது. ஒருவர் சொல்வதை நம்புவது நம் கையில் இல்லை. நம்பிக்கை வந்தால் வரும், வராவிட்டால் வராது. வராத நம்பிக்கையை வந்ததாகக் காட்டுவதும் ஒரு பொய்தான். ஆனால் சோதித்துப் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. நம்பிக்கையை நான் டிரைவருக்குக் கடன்பட்டிருக்கவில்லை, சோதனையைக் கடன்பட்டிருந்தேன். சோதிக்க வழியில்லாத இடத்தில், தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதையாவது கடன்பட்டிருந்தேன். என் காரின் கணிப்பொறி அவ்வளவு செய்ததே! சாட்சிகள் முரண்பட்டபோது வேகத்தைக் குறைத்தது, எழுதி வைத்தது, இன்னாரே கள்ளன் என்று தெருக்காரரிடம் போய்ச் சொல்லவில்லை.

இந்த ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பழைய விஷயம் உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாய் ஏதோ வந்தது. ‘கிணறு கெட்டது, தூர்த்துவிடு’ என்று சொல்ல எவ்வளவு சுலபம்! அது என்னவென்று பாருங்கள் என்று அவர் சர்க்காருக்குத் தெரிவித்தார். 1956இல் ஏற்பட்ட லிக்னைட் கார்ப்பரேஷனும், சுரங்கமும், நான் கார் ஓட்டிப் போய் வருகிற டவுன்ஷிப்பும் அந்தக் கறுப்பிலிருந்து வந்தவை. என் கிணற்றில் கறுப்பு வந்தபோது நான் ஐந்நூறு ரூபாய் கொடுத்துத் தூர்த்துவிட்டேன்.

டிரைவரைத் தேடிப் போனேன். மேட்டுக்குப்பம் பக்கம் வீடு. இப்போது ஒப்பந்த வேன் ஒன்றில், சுரங்கத்துக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போய் வருவதாகச் சொன்னார்கள். இரவு ஷிப்டு இறக்கிவிட்டு வந்து, வாசலில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “உட்காருங்க” என்றேன். நான் அவரை மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் உட்காரவில்லை.

“அன்றைக்கு நீங்கள் சொன்னது வாஸ்தவம். ஒயர் அறுந்திருந்தது. என் புத்தி கெட்டுப்போய்விட்டது.”

“எந்த ஒயர் சார்?” என்று கேட்டார்.

சொன்னேன். எஞ்சின் சாய்வதையும், கட்டு இறுகுவதையும் கையால் காட்டினேன். அவர் கண்ணை இடுக்கிக் கேட்டார். “அதான் சார், ரோட்ல ஏறி இழுக்கறப்பதான் வந்துச்சு” என்றார். அவர் மனசிலும் இத்தனை மாதமாக அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ‘ஒருவேளை நாம்தான் தூங்கிவிட்டோமோ’ என்று அவரே தம்மைச் சந்தேகப்பட்டாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

“அம்மாவுக்கு நெத்தி ஆறிடுச்சா சார்?”

“ஆறிவிட்டது.”

மறுபடி வேலைக்கு வரச் சொல்லலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். வேன் வேலையில் சம்பளம் குறைவு, தூக்கம் கெடுகிறது என்று அவர் மனைவி கதவோரத்திலிருந்து சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாதவர்போல் இருந்தார். “இது போதும் சார்” என்றார். பிறகு, நான் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது, “உங்க தெருவுல அந்த வீட்டுல சொல்லிட்டீங்களா சார்?” என்று கேட்டார்.

நான் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

அன்று சாயங்காலமே போனேன். அவர்கள் வாசலில் வேறொரு டிரைவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் ஒயர்க் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்படியா! ஆனால் அந்தப் பையன் தூங்குவான் என்று ஊரில் எல்லாருமே சொல்கிறார்களே சார்?”

“யார் சொன்னது?” என்று கேட்டேன்.

அவர் யோசித்துப் பார்த்தார். “முதலில் நீங்கள்தான் சொன்னீர்கள்” என்றார்.